மாதிரிக் கையொப்பம்

வங்கித் தம்பி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.
"இது நீங்கள் வைச்ச கையெழுத்தோ அக்கா?"
ஓம் என்று சொல்ல எனக்கு
ஒரு முழு மூச்சு வேணும்,
கழுத்து கொஞ்சம் ஒத்துழைக்க வேணும்.
அதற்குள் அவர்
பக்கத்தில் நிற்கும் ஓட்டோக்காரரிடம் கேட்கிறார்:
"இவவுக்கு விளங்குமோ?"

ஞானசீலன் மூக்கைச் சொறிகிறார்.
"நான் அனுப்பிற மெசேச்சில
எழுத்துப்பிழை பிடிக்கிற ஆள், தம்பி."

அ. பிறேமலோஜினி.
பிள்ளை நிமிர்ந்து இராது என்று தெரிய முன்னம்
ஐயா வைத்த பெயர்.
தெரிந்திருந்தால்
வசந்தி என்று சுருக்கமாய் முடித்திருப்பார்.
பேனை 'பி'யில் ஏறி
'றே'யில் சறுக்கி
'லோ'வின் வளைவுக்குப் போனால்
சொன்ன நேரத்துக்குத் திரும்பாது.
முகாமையாளரின் முத்திரை விழவேண்டிய இடத்தில்
'னி' போய்க் குந்தியிருக்கும்.
ஒரு தரம் போன பாதையில்
மறு தரம் போன கை இல்லை இது.

கொக்குவில் அச்சகத்தில் பின்னறை எனக்கு.
சொல்வழி கேட்கிற ஒற்றை விரலால்
பதினாறு வருசமாய்
அந்தியேட்டிக் கல்வெட்டு அடிக்கிறேன்.
சண்டிலிப்பாயில் பிறந்து
ரொறன்ரோவில் கண்மூடியவர்களுக்கு
பெறாமக்கள் எத்தனை, சகலன் யார்,
எவர் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' போடவேணும்
எல்லாம் என் விரலுக்குத் தெரியும்.
உயிரோடிருந்த ஒரு சித்தப்பாவை
உறவினர் அவசரத்தில் அனுப்பிவைக்கப் பார்த்தார்கள்.
நான்தான் தொலைபேசி எடுத்துக் காப்பாற்றினேன்.
அவருக்கு இன்னும் தெரியாது.

தேத்தண்ணிக் கடையில்
அரைக்கிளாஸ் கேட்பேன்
முழுக்கிளாசுக்குக் காசு குடுப்பேன்.
மற்ற அரை என் கைக்கு.

கோயில் வாசலில் சப்பாத்து வார் கழற்றக் குனிந்தால்
மடியில் சில்லறை விழுகிறது.
திருப்பிக் குடுக்க நிமிருமுன்
புண்ணியம் வீதி தாண்டிவிடும்.
முந்நூற்று நாற்பது சேர்ந்தது.
சிவப்பு நகப்பூச்சு வாங்கினேன்.

"ஷெல்லோ?" என்று கேட்பார்கள்,
ஆஸ்பத்திரி வரிசையில், மரக்கறிச் சந்தையில்.
இல்லை, பிறக்கேக்கையே.
கேட்டவர் முகத்தில் சின்னதாய் ஓர் ஏமாற்றம்.
இங்கே காயத்துக்கு
ஆண்டு உண்டு, ஊர் உண்டு, யார் அடித்ததென்று உண்டு.
என்னிடம் இருப்பது
அழ மறந்த நாலு நிமிசம் மட்டும்.

சத்தம் எனக்கு ஆகாது.
குக்கர் விசிலுக்கும் உடம்பு முழுக்கத் துள்ளும்.
ஆனால் ஹெலி சுற்றின காலத்தில்
ஊரே துள்ளியது.
பங்கருக்குள் எல்லார் கையும் கோணி
எல்லார் வாயும் குழறி.
சொல்ல வெட்கம்தான்,
அந்த நேரங்களில் மட்டும்
என்னை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பெருவிரல் அடையாளம் வைப்பமோ அக்கா?"
இப்போது என்னைப் பார்த்தே கேட்கிறார் தம்பி.
என் பெருவிரல்
உள்ளங்கைக்குள் கதவடைத்துக் குடியிருக்கிறது.
வெளியே இழுக்க இரண்டு பேர் வேணும்.
அதைவிட,
ஆயிரம் செத்தவர்களின் பெயரைப்
பிழையில்லாமல் அடித்தவள்
என் பெயருக்குக் கைநாட்டோ?

புது அட்டை வருகிறது. மூன்று கட்டம்.
பின்னால் வரிசை இருமுகிறது.
வைத்தேன்.
மூன்றும் மூன்று தினுசு.
ஒன்று கட்டத்துக்கு வெளியே.

"இனி எப்பிடி அக்கா பொருத்திப் பாக்கிறது?"
மூச்சைச் சேர்த்துச் சொன்னேன்.
விளங்கவில்லை.
திரும்பச் சொன்னேன்.
ஞானசீலன் வாய் திறக்க
கையால் மறித்துவிட்டு
மூன்றாம் தரமும் சொன்னேன்:
"ரெண்டு கையெழுத்து ஒரேமாதிரி இருந்தா
காசு குடாதையுங்கோ.
அது நானில்லை."

வெளியே மினிபஸ் ஒன்று ஹோர்ன் அடிக்க
துள்ளினேன்.
வங்கிப் புத்தகம் பறந்து தாரில் விழுந்தது.
ஞானசீலன் குனியவில்லை.
ஓட்டோவின் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு
வெத்திலைச் சரையை அவிழ்த்தார்.